கூலி கொடுத்தால் அது அடிமை வேலை இல்லையா? பொத்தோசி வெள்ளியும் மித்தாவும்

#1 கொத்தவால்சாவடி

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நாணயக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஒரு மேசையில் கோணல்மாணலாக, யாரோ கடித்துத் துப்பியது மாதிரி ஒரு வெள்ளிக்காசு. இரண்டு தூண், அடியில் கடல் அலை, நடுவில் சில எழுத்துகள். "ஸ்பானிய எட்டு ரியால், பொத்தோசி, 1677" என்றார் கடைக்காரர். கையில் வாங்கிப் பார்க்கவும் விட்டார். அன்றிலிருந்து ராத்திரி தூக்கம் கெட்டு அந்த ஊரைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சந்தேகம் வந்தது. இன்றைய பொலிவியாவில் இருக்கும் பொத்தோசி வெள்ளிமலையில் ஸ்பானியர் காலத்தில் வேலை செய்த பூர்வகுடிகளுக்கு நாள்கூலி உண்டு, மூன்றரை ரியால். ஒரு வாரம் வேலை, இரண்டு வாரம் ஓய்வு. ஒரு வருடம் முடிந்தால் ஊருக்குத் திரும்பலாம். ஏழு வருடத்துக்கு ஒரு முறைதான் அழைப்பு. சட்டப்படி அவர்கள் அடிமைகள் கிடையாது, ஸ்பெயின் மன்னரின் சுதந்திரக் குடிகள். படிக்கும்போது இன்றைய ஒப்பந்தத் தொழிலாளிக்கு இதைவிட மோசம் என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் எங்கு பார்த்தாலும் இதை அடிமைத்தனம் என்றே எழுதியிருக்கிறார்கள். எங்கே இடிக்கிறது?

#2 இரண்டாம்_பெஞ்ச்

என் பணி ஆணையிலும் வாரம் ஐந்து நாள் வேலை என்றுதான் போட்டிருக்கிறது.

#3 மலைநாட்டான்

நல்ல கேள்வி. மூன்றரை ரியாலை மட்டும் பார்த்தால் பதில் கிடைக்காது, கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன்.

மலையில் வெள்ளி இருப்பது ஸ்பானியர்களுக்குத் தெரியவந்தது 1545-ல். முதலில் கண்டவர் தியெகோ உவால்பா என்ற பூர்வகுடி என்பது மரபாக வரும் செய்தி. முதல் இருபது இருபத்தைந்து வருடம் அங்கே நடந்ததே வேறு. மேலாக்கிலேயே செறிவான தாது கிடைத்தது. அதை உருக்கும் வித்தை உள்ளூர்க்காரர்களிடம் இருந்தது. குவாய்ரா என்று சின்னச் சின்ன உலைகள். மலைச்சரிவில் வரிசையாக வைத்துவிடுவார்கள், துருத்தியே வேண்டாம், சுமார் 4,000 மீட்டர் உயரத்து மலைக்காற்றே துருத்தி. சுரங்கத்துக்குச் சொந்தக்காரன் ஸ்பானியன், உலைக்குச் சொந்தக்காரன் ஆண்டிஸ் மலைக்காரன். அதனால் வேலைக்கு வந்தவர்களால் பேரம் பேச முடிந்தது. தாதில் பங்கு வாங்க முடிந்தது.

1560-களில் நல்ல தாது தீர்ந்துபோனது. மிச்சம் இருந்ததெல்லாம் குவாய்ராவில் உருகாத மட்டச் சரக்கு. பேரம் பேசத் தெரிந்தவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அந்தச் சமயத்தில், 1569-ல், பெருவின் வைஸ்ராயாக லிமாவில் வந்து இறங்கினார் ஃபிரான்சிஸ்கோ தெ தொலேதோ. மனிதர் கணக்கில் புலி. நாடு முழுக்கச் சுற்றித் தலைக்கட்டு எடுத்தார். மலைகளில் சிதறி இருந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பெயர்த்து, சதுரம் சதுரமாகத் தெரு போட்ட புது ஊர்களில் குடியேற்றினார். எண்ண வசதி, வரி வாங்க வசதி, ஆள் பிடிக்க வசதி. இடையில் 1572-ல் இன்கா வம்சத்தின் கடைசி அரசர் துபாக் அமாருவைக் கூஸ்கோ சதுக்கத்தில் தலையை வெட்டினார்.

1573-ல் மித்தா என்ற கட்டாய முறைவேலையைக் கொண்டுவந்தார். வடக்கே கூஸ்கோ பக்கத்திலிருந்து தெற்கே இன்றைய பொலிவியாவின் மலைநாடு வரை 16 மாகாணங்கள். 18 முதல் 50 வயது வரையுள்ள ஆண்களில் ஏழில் ஒருவர் வருடம் ஒன்றுக்குப் பொத்தோசிக்கு வர வேண்டும். மொத்தம் சுமார் 13,500 பேர். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 4,500 பேர், எந்த நேரத்திலும் வேலையில் இருப்பார்கள். நீங்கள் சொன்ன "ஒரு வாரம் வேலை, இரண்டு வாரம் ஓய்வு" அதுதான். கூலியும் தொலேதோ எழுதியதே. குழியில் மூன்றரை ரியால், தாது கொண்டுபோகிறவருக்கு மூன்று, ஆலையில் இரண்டே முக்கால்.

இதுவரை காகிதம். சாப்பிட்டுவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

#4 பட்டறைப்_பையன்

அவர் வருவதற்குள் பாதரசத்தை நான் சொல்லிவிடுகிறேன், அது எங்கள் வீட்டுச் சமாச்சாரம்.

எங்கள் தாத்தா பத்தர். கோவில் சாமான்களுக்குத் தங்க முலாம் போடுவார். பொன்னைப் பாதரசத்தில் கரைத்து வெண்ணெய் மாதிரி ஆக்கி, செம்பின் மேல் தடவி, குமுட்டியில் காட்டினால் ரசம் ஆவியாகிப் பறந்துவிடும், பொன் ஒட்டிக்கொள்ளும். பொத்தோசியில் செய்ததும் அடிப்படையில் இதே வேலைதான், நோக்கம் மட்டும் வேறு. தாதை மாவாக இடித்து, உப்பும் பாதரசமும் சேர்த்துப் பிசைந்தால் கல்லுக்குள் இருக்கும் வெள்ளியைப் பாதரசம் பிடித்துக்கொள்ளும். மண்ணைக் கழுவிவிட்டுத் துணியில் வைத்துப் பிழிந்து சூடுகாட்டினால் ரசம் போய்விடும், வெள்ளி நிற்கும். இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் பார்த்தொலொமே தெ மெதீனா, 1550-களின் நடுவில், மெக்சிகோவின் பச்சூக்காவில். பொத்தோசிக்கு வந்தது 1570-களின் தொடக்கத்தில். குவாய்ராவில் உருகாத மட்டத் தாதெல்லாம் ஒரே ராத்திரியில் சரக்காகிவிட்டது.

பிசைவது எப்படி என்றால், வெறுங்காலால் மிதித்து. என் தாத்தாவுக்குக் கடைசிப் பத்து வருடம் கை நடுக்கம். காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார். அவர் வருடத்தில் சில வாரம் ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்தவர். அங்கே தினமும் ரசச் சேற்றில் நின்றவனுடைய கதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த ரசமும் எங்கிருந்து? பெருவின் உவான்காவெலிக்கா மலையிலிருந்து. அங்கே சாந்தா பார்பரா என்ற சுரங்கம், அதற்குத் தனியாக ஒரு மித்தா. பொத்தோசியைவிட அங்கே போகத்தான் ஜனங்கள் நடுங்கினார்கள். குழிக்குள்ளேயே விஷக்காற்று, தூசி. ரச வியாபாரம் முழுக்க அரசரின் ஏகபோகம். எவ்வளவு ரசம் விற்றது என்று பார்த்தாலே எவ்வளவு வெள்ளி வரவேண்டும் என்று கணக்குப் போட்டுவிடலாம். ஐந்தில் ஒரு பங்கு அரசருக்கு, திருட்டுக்கு வழி குறைவு.

#5 நடுநிலை_நக்கீரன்

எல்லாம் சரி. ஆனால் இந்த இழை போகிற போக்கு எனக்குத் தெரிந்ததுதான். ஸ்பானியன் அரக்கன், பூர்வகுடி அப்பாவி. இந்தப் பிம்பத்தை ஊதிப் பெரிதாக்கியதில் ஸ்பெயினின் எதிரிகளான டச்சுக்காரர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. செவ்விந்தியர்களை நாய்களைவிட்டுக் கடிக்கவைக்கும் செதுக்கோவியங்களைப் போட்டுப் போட்டு விற்றார்கள். 'கறுப்புப் புனைவு' என்றே அதற்குப் பெயர். அதே ஆங்கிலேயன் தான் போன இடங்களில் என்ன செய்தான் என்று நமக்குத் தெரியாதா?

இன்னொன்று, மித்தா ஸ்பானியன் கண்டுபிடித்ததே இல்லை. இன்காக்கள் வைத்திருந்த முறை. சாலை போட, அரண்மனை கட்ட, சுரங்கம் தோண்ட எல்லாவற்றுக்கும் அவர்களும் இப்படித்தான் ஆள் எடுத்தார்கள். தொலேதோ பெயரைக்கூட மாற்றவில்லை.

#6 மலைநாட்டான்

வந்துவிட்டேன். நக்கீரன் சொன்ன இரண்டாவது பாதி உண்மை, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கெச்சுவா மொழியில் மித்தா என்றால் 'முறை'. நாம் கிணற்றுத் தண்ணீருக்கு "இன்றைக்கு என் முறை" என்கிறோமே, அச்சு அசல் அந்தச் சொல். இன்கா காலத்தில் முறைவேலைக்குப் போனவனுக்கு அங்கே சோறும் சிச்சா பானமும் துணியும் அரசுக் களஞ்சியத்திலிருந்து வரும். அவன் இல்லாதபோது அவன் நிலத்தை அய்யு, அதாவது அவனுடைய பங்காளிச் சமூகம், உழுது போடும். அதில் கட்டாயம் இல்லை என்று சொல்ல வரவில்லை, இருந்தது. ஆனால் வேலைக்காரனுக்குச் சோறு போடும் செலவு வேலை வாங்குகிறவனுடையது. தொலேதோ சொல்லை வைத்துக்கொண்டு செலவை ஊர்க்காரன் தலையில் கட்டினார்.

எப்படி என்றால், திதிகாக்கா ஏரிக்கரையில் சுக்குயித்தோ என்று ஒரு மாகாணம். அங்கிருந்து மட்டும் ஒரு தவணைக்குச் சுமார் 2,200 ஆண்கள். மனைவி பிள்ளைகளோடு சேர்த்து ஏழாயிரம் பேர் கிளம்புவார்கள் என்று பார்த்த ஸ்பானியரே எழுதிவைத்திருக்கிறார். வழிச்சோற்றுக்கு உலர்ந்த உருளைக்கிழங்கும் சோளமும் லாமா முதுகில். போய்ச்சேர இரண்டு மாதம். வழிப்பயணத்துக்குப் படி உண்டு என்று சட்டம் சொன்னது, பெரும்பாலும் யாரும் கொடுக்கவில்லை. நகரத்தில் விலைவாசி எக்கச்சக்கம், ஏனென்றால் அந்த உயரத்தில் புல்லைத் தவிர ஒன்றும் விளையாது, எல்லாம் கீழேயிருந்து வர வேண்டும். சம்பளம் உண்டுதான், ஆனால் மூன்று வாரத்தில் ஒரு வாரத்துக்கு. அதிலிருந்து வரிப்பணம். அதிலிருந்து ஒரு சின்னப் பிடித்தம் வேறு. எதற்குத் தெரியுமா? மித்தாவை மேற்பார்க்கும் அதிகாரிகளின் சம்பளத்துக்கு. பல குழிகளில் மெழுகுவர்த்தியும் அவன் காசு.

ஆக அந்த இரண்டு வார 'ஓய்வில்' அவன் என்ன செய்வான்? சாப்பிட வேண்டுமே. அதே மலையில் கூலிக்குப் போவான். இங்கேதான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது, கொத்தவால்சாவடி. சொந்த விருப்பத்தில் கூலிக்கு வருகிறவனுக்கு அங்கே 'மிங்கா' என்று பெயர். அதே குழி, அதே ஏணி, அதே மூட்டை. மிங்காவின் கூலி மித்தா ஆளின் கூலியைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஒரே ஆள் இந்த வாரம் மித்தாவாகவும் அடுத்த வாரம் மிங்காவாகவும் இறங்குவான். இடைப்பட்ட அந்த வித்தியாசம் யார் பைக்குப் போனது?

#7 கொத்தவால்சாவடி

இது எனக்குத் தோன்றவே இல்லை. கூலி இருந்ததா என்று பார்த்தேனே தவிர, பக்கத்தில் நிற்பவன் எவ்வளவு வாங்கினான் என்று பார்க்கவில்லை.

ஆனால் ஏழு வருடத்துக்கு ஒரு முறைதானே? அதுவும் பொய்யா?

#8 மலைநாட்டான்

பொய் இல்லை. 1573-ல் உண்மை. ஆனால் ஜனத்தொகை கரைந்துகொண்டே போனது, அம்மை ஒரு பக்கம், தட்டம்மை ஒரு பக்கம். ஒதுக்கீடு மட்டும் பழைய தலைக்கட்டுக் கணக்கிலேயே நின்றது. எப்போதாவது திருத்துவார்கள், அதற்குள் இன்னும் கரைந்திருக்கும். ஊரில் எழுநூறு ஆண் இருந்தபோது நூறு பேர் கேட்டான். முந்நூறாகக் குறைந்த பிறகும் நூறு கேட்டால்? (கணக்கு புரிவதற்காகச் சொல்கிறேன், எந்த ஊரின் புள்ளிவிவரமும் இல்லை.) இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை போக வேண்டும். இதைப் பார்த்து இன்னும் நாலு பேர் ஓடுவார்கள். மிச்சம் இருப்பவனுக்கு இன்னும் சீக்கிரம் முறை வரும்.

ஓடிப்போனவன் எங்கே போவான்? வேறு ஊருக்குப் போய் 'வந்தேறி' ஆகிவிட்டால் அவனுக்கு மித்தா கிடையாது, நிலமும் கிடையாது. பலபேர் ஸ்பானியப் பண்ணையில் போய் ஒட்டிக்கொண்டார்கள். இன்னும் பலபேர் நேரே பொத்தோசிக்கே போய் மிங்காவாகச் சேர்ந்தார்கள். மித்தாவுக்குப் பயந்து ஓடியவன் அதே மலைக்குள் நல்ல கூலிக்கு இறங்கினான்! வேலை வேறு, கட்டாயம் வேறு என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

ஆள் குறைந்தால் தண்டம் குராக்காவுக்கு. குராக்கா என்றால் ஊர்த்தலைவர். சாட்டையடி, சிறை, அவமானம். குவாமன் போமா என்ற ஆண்டிஸ் மலைப் பூர்வகுடிக்காரர் சுமார் 1615-ல் ஸ்பெயின் அரசருக்கு ஆயிரத்துச் சொச்சம் பக்கத்தில் ஒரு நீண்ட முறையீடு எழுதினார், கிட்டத்தட்ட நானூறு கோட்டோவியங்களோடு. அதில் சுரங்க அதிகாரி ஊர்த்தலைவர்களை வதைக்கும் படம் இருக்கிறது. அரசர் படித்ததற்கு அடையாளம் எதுவும் இல்லை. கோபன்ஹேகன் நூலகத்தில் தூசி தின்றுகொண்டிருந்து 1908-ல் வெளிச்சத்துக்கு வந்தது.

தண்டத்திலிருந்து தப்ப குராக்கா என்ன செய்வார்? ஆளுக்குப் பதில் காசு. அந்தக் காசில் ஒரு மிங்காவை வைத்துக்கொள் என்று ஏற்பாடு. சுரங்க முதலாளி காசை வாங்கிக்கொள்வார், மிங்காவை வைக்கவே மாட்டார். குழி வற்றி மூடிக்கிடந்தால் இன்னும் விசேஷம், வேலையே இல்லாமல் மாதாமாதம் வருமானம். இதற்கு அந்த ஊரிலேயே ஒரு பெயர் இருந்தது: 'சட்டைப்பை இந்தியர்கள்'. மனிதன் ஊரில் மாடு மேய்த்துக்கொண்டிருப்பான், அவன் முறை முதலாளியின் சட்டைப்பைக்குள் இருக்கும்.

#9 இரண்டாம்_பெஞ்ச்

சட்டைப்பை இந்தியர்கள். கடவுளே. எங்கள் பக்கத்தில் அரசு வேலைப் பட்டியலில் பெயர் மட்டும் இருக்கிற ஆட்களுக்கு இதையே வைத்துக்கொள்ளலாம்.

#10 நடுநிலை_நக்கீரன்

மலைநாட்டான், விவரங்களுக்கு நன்றி, உண்மையாகவே. ஆனால் 'கறுப்புப் புனைவு' பற்றி ஒன்றும் சொல்லாமல் நழுவிவிட்டீர்கள்.

#11 திண்ணைத்_தமிழச்சி

அதற்கு நான் சொல்கிறேன். டச்சுக்காரன் ஊதினான் என்பது சரி. ஆனால் ஊதுவதற்கு நெருப்பு எங்கே கிடைத்தது? ஸ்பானியர்களிடமிருந்துதான். 1511 டிசம்பரில், கரீபியக் கடலின் இஸ்பானியோலா தீவில், கொலம்பஸின் மகன் தியெகோவே உட்கார்ந்திருந்த தேவாலயத்தில் மோன்டெசினோஸ் என்ற பாதிரியார் பிரசங்க மேடையேறி, இவர்கள் மனிதர்கள் இல்லையா, இவர்களுக்கு ஆன்மா இல்லையா என்று கேட்டார். அங்கே அப்போது நடந்தது மித்தா இல்லை, என்கோமியெண்டா. ஒரு ஸ்பானியனுக்கு இத்தனை ஊர் ஜனம் 'ஒப்படைப்பு', அவன் அவர்களுக்கு வேதம் சொல்லித்தர வேண்டும், அவர்கள் அவனுக்குப் பொன் அரிக்க வேண்டும். கேட்டவர்களுக்குக் கோபம் வந்ததே தவிர யாரும் ஆளை விடுவிக்கவில்லை. அடுத்த வருடம் புர்கோஸ் சட்டங்கள் வந்தன. ஒப்படைப்பை ஒழிக்கவில்லை, ஒழுங்குபடுத்தின, அவ்வளவுதான்.

பூர்வகுடிகளின் காவலர் என்று புகழப்படும் லாஸ் காசாஸ் பாதிரியார் இன்னும் சிக்கலானவர். அவரே ஆட்களை வைத்திருந்த என்கோமெண்டேரோ. 1514-ல் விட்டுக்கொடுத்தார். பிறகு அரை நூற்றாண்டு பூர்வகுடிகளுக்காக வாதாடினார். ஆனால் ஆரம்பத்தில் அவர்களுக்குப் பதிலாக ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று சொன்னவரும் அவர்தான். பின்னாளில் அது தவறு என்று எழுதி வருந்தினார். அவரை மகான் ஆக்குகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள், எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அவரால் பாதி, அரசியலால் பாதி, 1542-ல் 'புதிய சட்டங்கள்' வந்தன. பூர்வகுடி அடிமைத்தனம் கூடாது, என்கோமியெண்டா வாரிசுக்குப் போகாது. பெருவில் என்ன நடந்தது? ஒப்படைப்பு வைத்திருந்த ஸ்பானியர்கள் கொன்சாலோ பிசாரோ தலைமையில் கலகம் செய்தார்கள். சட்டத்தை அமல்படுத்த வந்த வைஸ்ராய் நூஞெஸ் வேலாவை 1546-ல் கொன்றே போட்டார்கள். அரசு வாரிசுச் சட்டத்திலிருந்து பின்வாங்கியது. ஆக, ஸ்பெயின் அரசு நல்லது செய்யவே நினைக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். நினைத்தது. ஆனால் கஜானா காலியாகும்போதெல்லாம் நினைப்பு மாறிக்கொண்டது. இதில் எந்த வரிக்கும் டச்சுக்காரன் தேவையில்லை நக்கீரன், எல்லாம் ஸ்பானியக் காகிதம்.

#12 கடலோடி

80 லட்சம் பேர் அந்த மலையில் செத்தார்கள் என்று படித்திருக்கிறேனே, அதை ஏன் யாரும் சொல்லவில்லை?

#13 திண்ணைத்_தமிழச்சி

ஏனென்றால் அது நிற்காது. எந்த ஆவணத்திலும் இருந்து எண்ணி எடுத்த எண் இல்லை. பொத்தோசி நகரமே உச்சத்தில், 1610-களில், ஒன்றரை லட்சம் பேர் சொச்சம். அன்றைக்கு லண்டனுக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். வருடம் 13,500 பேர் மித்தாவுக்கு வந்து ஒருவர் விடாமல் செத்திருந்தால்கூட, இருநூற்று நாற்பது வருடத்தில் 33 லட்சத்தைத் தாண்டாது. அதற்குள் மாகாணங்கள் காலியாகியிருக்கும். பெரிய எண்ணைச் சொன்னால்தான் பெரிய அநியாயம் என்று நினைக்கிறோம். பிறகு யாராவது அந்த எண்ணை உடைத்தால், அநியாயமே நடக்கவில்லை என்று ஆகிவிடுகிறது. அந்த எண்ணை இங்கே விட்டுவிடுங்கள், தயவுசெய்து.

செத்தவர்கள் உண்டு. ஏணியிலிருந்து விழுந்து, சரிவில் புதைந்து, உள்ளே வியர்த்துவிட்டு வெளியே உறைபனியில் நின்று மார்ச்சளி கண்டு. 1626-ல் ஆலைகளுக்குத் தண்ணீர் கொடுத்த சான் இல்தெஃபோன்சோ அணை உடைந்து ஆற்றோரத்தை அடித்துக்கொண்டு போனது.

ஏணி என்றதும் நினைவு வருகிறது. அக்கோஸ்தா என்ற ஏசு சபைப் பாதிரியார் 1590-ல் அச்சான நூலில் எழுதியிருப்பது: முறுக்கிய மாட்டுத்தோல் கயிற்றில் மரப்படி கட்டிய ஏணி, ஒரு பக்கம் ஏறுகிறவர், மறுபக்கம் இறங்குகிறவர். முதுகில் போர்வையில் கட்டிய இருபது கிலோ சொச்சம் தாது. முன்னால் போகிறவர் கட்டைவிரலில் மெழுகுவர்த்தியைக் கட்டிக்கொண்டிருப்பார், இரண்டு கையும் ஏணிக்கு வேண்டுமே.

#14 வரப்பு

நான் விவசாயி, சரித்திரம் தெரியாது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அத்தனை ஆம்பிளை போனால் வீட்டில் யார்? நடவு யார் செய்வது?

#15 மலைநாட்டான்

முக்கியமான கேள்வி ஐயா. சட்டம் ஆண்களைத்தான் எண்ணியது, வேலையில் குடும்பமே கரைந்தது. கூடப் போன மனைவி திங்கள்கிழமை அவனை மலையடிவாரத்தில் ஒப்படைப்பாள். அங்கேதான் ஆட்களை எண்ணி முதலாளிகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். பிறகு வாரம் முழுக்க அவன் உள்ளேயே கிடந்தால் சோறு கொண்டுபோவாள். தெருவில் கொக்கா இலையும் சிச்சாவும் விற்பாள். அந்த ஊர்ச் சந்தை முக்கால்வாசி பெண்கள் கையில்தான் இருந்தது. ஊரில் தங்கியவர்கள் கிழவர்களும் குழந்தைகளும். வருடம் முடிந்து திரும்பினால் நிலம் தரிசு, சில சமயம் வேறொருவன் கையில். பலர் திரும்பவே இல்லை, செத்ததால் இல்லை, திரும்பிப் போக அங்கே ஒன்றும் மிச்சமில்லாததால்.

#16 இளவரசி_எக்கனாமிக்ஸ்

இதில் என் துறை ஆள் ஒருத்தி சேர வேண்டுமே! மெலிசா டெல் என்ற பொருளியலாளர் 2010-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார். மித்தா எல்லை பெருவின் மலைகளுக்கு நடுவில் ஒரு கோடாக ஓடுகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆள் அனுப்பிய ஊர், அந்தப் பக்கம் அனுப்பாத ஊர். மண்ணும் உயரமும் ஜனமும் ஏறக்குறைய ஒன்றே. மித்தா ஒழிந்து இருநூறு வருடம் கழித்து இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டார். மித்தா பக்கத்தில் குடும்பச் செலவு சுமார் 25 சதவிகிதம் குறைவு. வளர்ச்சி குன்றிய குழந்தைகள் சுமார் 6 சதவிகிதப் புள்ளி அதிகம்.

காரணம்தான் சுவாரசியம். கோட்டுக்கு வெளியே பெரிய பண்ணைகள் வளர்ந்தன. உள்ளே வளரவில்லை, காரணம் சுரங்கத்துக்கு வேண்டிய ஆளைப் பண்ணையார் பிடித்துவைத்துக்கொள்வார் என்று அரசே தடுத்தது. பண்ணையார் நல்லவர் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அவருக்குப் பட்டா இருந்தது, செல்வாக்கு இருந்தது, தன் விளைச்சலுக்காகச் சாலை போடவைத்தார். மித்தா ஊர்களுக்கு இரண்டும் இல்லை. இன்றைக்கும் அங்கே சாலை குறைவு.

#17 நடுநிலை_நக்கீரன்

சரி, கடைசியாக ஒரு வாதம் வைக்கிறேன், அப்புறம் விட்டுவிடுகிறேன். நாலாயிரம் மீட்டர் உயரத்தில் இஷ்டப்பட்டு யார் போவான்? கட்டாயம் இல்லாமல் அந்த வெள்ளி வெளியே வந்திருக்குமா? உலகப் பொருளாதாரமே அதன் மேல்தானே எழுந்தது?

#18 மலைநாட்டான்

மெக்சிகோவின் சக்காத்தேக்காஸில் வந்ததே. 1546-ல் கண்டுபிடித்த சுரங்கம். சுற்றிலும் ஊர்களே இல்லாத வறட்டு நிலம், பிடிப்பதற்கு ஆள் இல்லை. கூலி கொடுத்து, தாதில் பங்கும் கொடுத்து ஆள் சேர்த்தார்கள். கொஞ்சம் ஆப்பிரிக்க அடிமைகளும் இருந்தார்கள், மறைக்கவில்லை. ஆனால் அடிப்படை கூலி உழைப்பு. 18-ஆம் நூற்றாண்டில் மெக்சிகோ பொத்தோசியை நன்றாகவே முந்திவிட்டது.

பொத்தோசியிலேயே பாருங்கள். சனி இரவு முதல் திங்கள் விடியல் வரை குழிகளில் முதலாளி ஆட்கள் இருக்கமாட்டார்கள். அப்போது கஹ்ச்சா என்று அழைக்கப்பட்டவர்கள் உள்ளே இறங்கித் தங்களுக்காகத் தோண்டுவார்கள். முதலாளிகள் திருட்டு என்றார்கள், அவர்கள் உரிமை என்றார்கள், கைகலப்பெல்லாம் நடந்தது. வாரநாளில் மித்தா ஆளாகவோ மிங்காவாகவோ இருந்தவர்கள்தான் பலரும். 18-ஆம் நூற்றாண்டில் ஊரின் வெள்ளியில் ஒதுக்கிவிட முடியாத பங்கு இவர்களுடையது. அரசாங்கமே அவர்களிடம் வாங்கிக்கொண்டது. இஷ்டப்பட்டு யார் போவான் என்றீர்களே, ஞாயிற்றுக்கிழமை போனார்கள்.

#19 கடலோடி

வெள்ளி நம் பக்கம் வந்ததா என்று யாரும் கேட்கவில்லையே. வந்தது. ஆங்கிலேயக் கம்பெனி கப்பல்கள் சோழமண்டலக் கரைக்குத் துணி வாங்க வந்தபோது ஐரோப்பியச் சரக்குக்கு இங்கே ஆள் இல்லை. எட்டு ரியால் காசைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தார்கள். இன்னொரு வழி அக்காபுல்கோவிலிருந்து மணிலாவுக்குப் போகும் ஸ்பானியக் கப்பல். மதராஸ் துணி மணிலா போகும், அங்கிருந்து வெள்ளி மதராஸ் வரும். சைதாப்பேட்டையில் 1726-ல் அடையாற்றின் மேல் மர்மலாங் பாலம் கட்டிக் கொடுத்த ஆர்மீனிய வணிகர் பெத்ரூஸ் உஸ்கான் மணிலா வியாபாரத்தில் சம்பாதித்தவர். அந்தக் காலத்தில் மணிலா வந்தது பெரும்பாலும் மெக்சிகோ வெள்ளி என்பதால், பொத்தோசி மேல்தான் பேருந்தில் போகிறோம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

#20 நெறியாளர்

மர்மலாங் பாலம் பற்றி இதற்குள் ஏழு பதிவுகள். அனைத்தையும் 'பழைய சென்னை' பகுதிக்கு மாற்றிவிட்டேன். அங்கே சண்டை போட்டுக்கொள்ளவும்.

#21 திண்ணைத்_தமிழச்சி

முடிவு எப்படி என்று யாராவது கேட்பதற்குள் எழுதிவிடுகிறேன். 1670 வாக்கிலேயே லெமோஸ் பிரபு என்ற வைஸ்ராய் மித்தாவை ஒழிக்கலாம் என்று மத்ரீத்துக்கு எழுதினார். நடக்கவில்லை. 1777-ல் கூஸ்கோவுக்குத் தெற்கே தின்டாவைச் சேர்ந்த ஒரு குராக்கா லிமாவுக்குப் போய், எங்கள் ஊர்களில் ஆள் இல்லை, பொத்தோசி மித்தாவிலிருந்து விலக்குக் கொடுங்கள் என்று மனுப்போட்டார். கோவேறு கழுதைகளில் சரக்கு ஏற்றிப் போகும் தொழில் அவருக்கு, அதனால் அந்தப் பாதை முழுக்கத் தெரியும். மனு பலிக்கவில்லை. அவர் பெயர் ஹொசே கேப்ரியல் கொண்டோர்கான்கி. 1780 நவம்பரில் ஊர் அதிகாரி அரியாகாவைப் பிடித்துத் தூக்கிலிட்டு, இரண்டாம் துபாக் அமாரு என்ற பெயரில் கலகம் தொடங்கினார். 1781 மே 18-ல் கூஸ்கோவில் அவருக்கு முன்னாலேயே மனைவி மிக்கேலா பஸ்திதாஸைக் கொன்றார்கள், பிறகு அவரை. தொலேதோ முதலாம் துபாக் அமாருவின் தலையை வெட்டிய அதே சதுக்கம்.

மித்தாவை ஸ்பெயினின் காதிஸ் நாடாளுமன்றம் ஒழித்தது 1812-ல். பொலிவியா விடுதலை 1825-ல்.

#22 வரப்பு

மனு போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கத்தியை எடுத்திருக்கிறார்.

#23 கொத்தவால்சாவடி

எல்லோருக்கும் நன்றி. கண்காட்சிக் கடைக்காரரின் கடைக்கே நேற்றுப் போனேன். காசு இன்னும் விற்கவில்லை. இந்த இழையைப் படித்த பிறகு எழுத்துகளை நிதானமாகப் பார்த்தேன். 'பி' என்பது பொத்தோசி. கூட ஒரு 'ஈ' இருக்கிறது. அது தரம் பார்த்தவரின் எழுத்தாம். இந்தத் தூண் வடிவமே ஒரு மோசடிக்குப் பிறகு வந்தது என்றார் கடைக்காரர். 1640-களில் பொத்தோசி காசில் செம்பைக் கலந்து ஐரோப்பா வரை பெயர் கெட்டு, கோமெஸ் தெ லா ரோச்சா என்ற வெள்ளி வியாபாரியைக் கொன்று, பழைய காசு இல்லை என்று காட்ட முத்திரையை மாற்றியிருக்கிறார்கள். தங்கசாலைத் தெருவுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன், எனக்கு இதெல்லாம் கேட்கக் கேட்க ஆசையாக இருக்கிறது.

குழி ஆளின் கணக்கில் இந்த ஒரு காசு இரண்டேகால் நாள் கூலி. விலை கேட்டேன். என் ஒரு மாதச் சம்பளத்தைக் கேட்கிறார்.

#24 பட்டறைப்_பையன்

அண்ணே, வாங்குவதற்கு முன்னால் எடை போட்டீர்களா? எட்டு ரியால் 27 கிராம் இருக்க வேண்டும். உரைகல்லில் உரசிப் பார்க்க விட்டாரா?

#25 கொத்தவால்சாவடி

எடை 24 சொச்சம். ஓரம் தேய்ந்திருக்கிறது என்கிறார். உரசவே விடவில்லை.

#26 பட்டறைப்_பையன்

அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.